மொட்டைக்கார் டாக்டரும் ஐப்பசி மழையும்

உலகத்தில் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் நனையாமல் போய்ச்சேர வேண்டும் என்று வாங்குகிறார்கள். நனைவதற்கென்றே கார் வைத்திருந்த ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அந்த ஆளுக்குப் பக்கத்து சீட்டில் மூன்று வருஷத்து ஐப்பசியும் மார்கழியும் உட்கார்ந்து நானும் நனைந்திருக்கிறேன். இன்றைக்கும் வானம் லேசாக இருட்டிக்கொண்டு வந்தால் எனக்குத் தும்மல் வருகிறதே, அதற்கு அவர்தான் காரணம்.

திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் சர்க்கார் மாட்டாஸ்பத்திரி. அதில் அவர் டாக்டர், நான் கம்பவுண்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் போர்டில்கூட எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்பார். மொட்டைக்கார் டாக்டர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும். கையைத் தொங்கப்போட்டால் ரோட்டைத் தொடலாம். ஊட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது, எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கினாராம். வாங்கியவர் அங்கேயே ஓட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். மாற்றல் வாங்கிக்கொண்டு, காரையும் ஓட்டிக்கொண்டு, எங்கள் ஊர் களிமண்ணுக்கு வந்து சேர்ந்தார்.

வரும்போது காருக்குக் கான்வாஸ் கூரை ஒன்று இருந்தது. வந்த மாதமே அதை ராவுத்தர் கடை ஆடு தின்றுவிட்டது. பெருநாளைக்கென்று வளர்த்த ஆடு. வயிறு உப்பிக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு ராவுத்தர் ஓடிவந்தார். "டாக்டர், கூரைக்கு நான் பொறுப்பு, ஆட்டைக் காப்பாத்துங்க" என்றார். டாக்டர் வயிற்றைக் கிழித்துக் கூரையைத் துண்டு துண்டாக எடுத்தார். ஆடு பிழைத்துவிட்டது. சொன்ன சொல் தவறாத ராவுத்தர் மறுவாரமே திருச்சியிலிருந்து புதுக் கான்வாஸ் வரவழைத்துக் கொடுத்தார். அதை இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மழையில் நனைகிறதே என்று ஆஸ்பத்திரிக் கொட்டிலில் கட்டியிருந்த எருமைக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார்.

"அப்ப காருக்கு, சார்?"

"மாடு நனையுது. மாட்டு டாக்டருக்கு மட்டும் கூரை கேக்குதா? நனைஞ்சா என்னய்யா, நீ என்ன வெல்லமா, கரைஞ்சு போறதுக்கு?"

நான் வெல்லமில்லைதான். ஆனால் என் மார்ச்சளிக்கு அது தெரியவில்லை.

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்து மழை எப்படிப் பெய்யும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பிடித்தால் விடாது. அந்த மழையில் அவர் காரை ஓட்ட, நான் ஒரு கையால் அவர் தலைக்குக் குடை பிடிக்க வேண்டும், மறு கையால் மடியிலிருக்கும் மருந்துப் பெட்டியைப் பிடிக்க வேண்டும். என் தலையைப் பிடிக்கக் கை கிடையாது. ஹாரன் முதல் மழையிலேயே ஊமையாகிவிட்டதால் அந்த வேலையும் என்னிடம் வந்தது. "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போவேன். கத்த வாயைத் திறந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போகும்.

காருக்குள் தேங்கும் தண்ணீர் வெளியே போக, அடித்தகட்டில் ஓட்டை போட்டு மருந்து பாட்டில் தக்கையால் அடைத்து வைத்திருந்தார். "கம்பவுண்டர், தக்கை!" என்றால் குனிந்து நான் பிடுங்க வேண்டும். உள்ளே இருக்கிற தண்ணீர் வடியும். ரோட்டில் தண்ணீர் நின்றால் அது உள்ளே ஏறும். அதற்குள் திரும்பச் சொருக வேண்டும். ஒரு நாள் சொருக மறந்து, வீட்டுக்கு வந்து இறங்கினால் சீட்டுக்கடியில் ஒரு குரவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. என் மனைவி அதை வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, எனக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க வேலைக்குப் போறீங்களா, குளிக்கப் போறீங்களா?"

நானும் டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"சீமையில பனிக்கட்டி மேல ஓடின வண்டிய்யா இது. இந்தத் தூத்தல் இதை என்ன பண்ணிடும்?"

"அங்க பனி மேலேருந்து மட்டுந்தான் சார் வரும். இங்க தண்ணி கீழேருந்தும் வருதே!"

"அதான் தக்கை இருக்கே" என்றார். இவரிடம் யார் பேசுவது?

சேற்றில் சக்கரம் வழுக்குகிறது என்று வைக்கோல் பிரி திரித்து டயரைச் சுற்றிக் கட்டச் சொல்வார். கட்டுவதும் நான்தான். நாலு சக்கரத்துக்கும் கட்டி முடித்து நிமிர்ந்தால், ஆஸ்பத்திரிக்கு வந்த மாடுகள் இரண்டு சக்கரத்தைத் தின்று முடித்திருக்கும். மார்கழியில் வேறு கூத்து. எதிரே இருக்கிற பனைமரம் தெரியாத பனியில், விடிந்தும் விடியாமலும் தடுப்பூசி போடக் கிளம்புவார். குரங்குக் குல்லாயும் மப்ளருமாக நான் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சார், வலது பக்கம் வாய்க்கால்! சார், இடது பக்கமும் வாய்க்கால்!" என்று வழி சொல்ல வேண்டும்.

இதெல்லாம் போதாதென்று கலர் ஒரு வம்பை இழுத்துக்கொண்டு வந்தது.

ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் கொடிமரம் முளைத்த காலம். அறுப்புக் கூலித் தகராறு வேறு. வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி. எங்கள் பக்கத்தில் அப்போது கலரைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுவார்கள். வேட்டிக்கரை என்ன கலர், துண்டு என்ன கலர், சைக்கிளில் என்ன கொடி என்று கண் முதலில் அங்கேதான் போகும். சிவப்புக் காரில் வருகிறவர் சங்கத்து ஆள் என்று பண்ணை வீடுகளில் முகத்தைச் சுளித்தார்கள். கூலிக்காரத் தெருவில் "வாங்க தோழர்" என்று மோர் கொடுத்தார்கள். மோரைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். மழையில் பானெட் துருப்பிடிக்கிறது என்று, கடற்கரைப் பக்கம் படகுக்குப் பூசுகிற தாரை ஒரு டின் வாங்கிவந்து கரேலென்று பூசிவிட்டார். முன்பாதி கறுப்பு, பின்பாதி சிவப்பு. அதாவது, ஆளுங்கட்சிக் கொடி சக்கரம் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறது!

மறுநாளிலிருந்து மனு வர ஆரம்பித்தது. பட்டா வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், மகனுக்கு பஸ் கண்டக்டர் வேலை வேண்டும். எல்லாம் காருக்குள் வந்து விழும். கூரைதான் இல்லையே, யாரையும் நிறுத்திக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. போகிறபோக்கில் எறிந்துவிடுவார்கள்.

ஒரு ஊருக்கு எருது ஒன்றைப் பார்க்கப் போனோம். வழியில் பந்தல் போட்டு ஒரு சீர்திருத்தக் கல்யாணம். தலைமை தாங்க வேண்டிய கட்சிப் பிரமுகர் மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டுவிட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கார் திரும்பியதுதான் தாமதம், "தலைவர் வந்துட்டாரு!" என்று வேட்டு வெடித்தார்கள். நான் சுதாரிப்பதற்குள் டாக்டர் கழுத்தில் மாலை விழுந்து, மைக்கும் வந்துவிட்டது.

"நான் மாட்டு டாக்டருங்க" என்றார் மைக்கில், உண்மையாகவே.

"எளிமையைப் பாருங்கய்யா, எளிமையை!" என்று ஒரு பெரியவர் கண்கலங்கினார். கூட்டம் கை தட்டியது.

கை தட்டினால் யாருக்குத்தான் பேச வராது? கோமாரி நோய் பரவும் விதம் பற்றி அரைமணி நேரம் பேசினார். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுமாறு மணமக்களைக் கேட்டுக்கொண்டார். தாலியை எடுத்துக் கொடுத்தார். சாப்பாடும் ஆயிற்று. உண்மையான பிரமுகர் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தபோது, இவர் மாலையோடு கொட்டிலில் எருதுக்கு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எருது மாலையைத் தின்றுகொண்டிருந்தது. பிரமுகர் என்னைப் பார்த்த பார்வையில், என் வேலை அன்றோடு போயிற்று என்று நினைத்தேன்.

அந்தக் காரின் மேல் ஆசைப்பட்ட இன்னொரு ஜீவனும் ஊரில் இருந்தது. பண்ணை வீட்டு இளையவர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். சின்னப் பண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாய்க்கு உடம்பு சரியில்லை என்று வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வருவார். நாய் நன்றாகத்தான் இருக்கும். அவர் கண் மட்டும் காரை விட்டு நகராது.

"குடுத்துடுங்க டாக்டர். நல்ல கொட்டகையில வெச்சுக் காப்பாத்தறேன்."

"என் உசுரு இருக்கிற வரைக்கும் நடக்காது தம்பி. நாயைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

கொடுத்துத் தொலையுங்களேன் என்று நான் கும்பிடாத சாமியில்லை.

மூன்றாவது ஐப்பசி. பக்கத்தில் ஆலங்கரையில், சின்னப் பண்ணை வீட்டு வயலில் குறுவை நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. கூலி படியாமல் தெருக்காரர்கள் அறுப்புக்கு இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறது என்று பேச்சு. ஒரு நாள் மத்தியானம், கொட்டுகிற மழையில் செல்லம்மா என்ற பெண்பிள்ளை ஓடிவந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

"டாக்டரய்யா, மாடு காலையிலேருந்து முக்குது. ஒரு கால் மட்டும் வெளிய தெரியுது. கன்னு வரல."

அது அவள் மாடில்லை. பண்ணையிலிருந்து வாரத்துக்கு வாங்கி வளர்த்தது. எங்கள் பக்கத்து வாரம் என்றால், புல்லறுத்துப் போட்டு வளர்க்கிறவளுக்குத் தலைக்கன்று, பசுவும் பின்னால் வருகிற கன்றுகளும் பண்ணைக்கு. புருஷனை இழந்து, சொந்தமென்று ஒரு கோழிகூட இல்லாத செல்லம்மா, இந்தக் கன்றை நம்பித்தான் அந்தக் கிடேரியைக் கண்ணும் கருத்துமாகப் பசுவாக்கியிருந்தாள். இப்போது தகராறு வந்ததும், வேலைக்கு வராதவர்கள் வாரத்து மாட்டையெல்லாம் திருப்பிவிட வேண்டும் என்று பண்ணையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"இன்னிக்கு ஓட்டிக்கிட்டுப் போக வராங்களாம். வயித்துல இருக்கும்போதே ஓட்டிட்டா கன்னும் போச்சுங்கய்யா. இல்லாட்டி மாடே போயிடும் போலருக்கு" என்று அழுதாள்.

"ஏறும்மா" என்றார் டாக்டர்.

இரண்டே சீட். என் சீட்டில் செல்லம்மா உட்கார்ந்தாள். பின்னால் டிக்கி மூடியின் மேல் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான். வாய்க்கால் கரை மேல் அந்தக் கார் ஆடிய ஆட்டத்தில் என் பின்புறம் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

ஆலங்கரைக்குள் நுழைகிற இடத்தில் கரைக்குக் குறுக்கே பெரிய பனைமரத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் முளையடித்திருந்தார்கள். வெளியூர் ஆட்கள் வரக்கூடாது என்பதற்காக. சங்கத்து மாரிமுத்து ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். காரின் கலரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆளுங்கட்சியா? போன வாரமும் ஒருத்தரு பேசித் தீத்து வைக்கிறேன்னு வந்து, பண்ணை வீட்டுல சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு. வண்டியத் திருப்புங்க."

திருப்ப இடமேது? ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். செல்லம்மா சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"டேய் மாரிமுத்து, கண்ணு அவிஞ்சு போச்சா? நம்ம மாட்டு டாக்டருடா! அங்க என் மாடு செத்துக்கிட்டிருக்கு, நீ இங்க கட்சி பேசறியா?"

மாரிமுத்து அசடு வழிந்தார். மரத்தை எடுக்க முளையைப் பிடுங்க வேண்டும், நேரமாகும். "வண்டியத் தூக்கிடுவோம்டா" என்றார். ஆட்கள் சுற்றி நின்று தோள் கொடுத்தார்கள்.

"இறங்கிக்குங்க டாக்டரய்யா."

"நான் இறங்கிட்டா ஸ்டீயரிங்கை யாருய்யா பிடிக்கிறது?"

சக்கரம் நாலும் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்து என்ன செய்யப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"நீ பேசாம ஹாரன் அடிய்யா" என்றார்.

சாமி சப்பரத்தில் போகிற மாதிரி அவர் போக, ஈ காக்கை இல்லாத கரையில் "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் நடந்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் பெட்டி.

செல்லம்மா குடிசைக்குப் பின்னால், மரத்தடியில் பசு கால் அகட்டி நின்றுகொண்டிருந்தது. கன்றுக்கு ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக்கொண்டுவிட்டது. டாக்டர் சட்டையைக் கழற்றி, சோப்பும் எண்ணெயுமாகக் கையில் பூசிக்கொண்டு, தோள் வரைக்கும் உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்துச் சின்னப் பண்ணை வந்தார். குடையும், கூடவே கயிற்றோடு இரண்டு ஆட்களும். அவர்கள் வயல் பக்கமாக நடந்தே வந்திருந்தார்கள்.

"மாட்ட அவுத்துடுங்கடா."

"அவுக்கலாம் தம்பி" என்றார் டாக்டர், திரும்பிப் பார்க்காமலே. "கை உள்ள இருக்கு. மாட்ட ஓட்டினா நானும் கூடவே வரணும். நான் கவர்மெண்ட்டு ஆளு, சேதாரம் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு. எந்தப் பக்கமா போவணும், சொல்லுங்க, நடக்கறேன்."

கயிற்றோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டோடு டாக்டரை ஓட்டிப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. தெரு மொத்தமும் கூடிச் சிரித்தது. சின்னப் பண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம். டாக்டரின் முதுகில் மழை வழிந்தது. "வா தாயி, வா தாயி" என்று மாட்டிடம் பேசிக்கொண்டே அந்தக் காலை நிமிர்த்தினார். மாடு ஒரு முக்கு முக்கியதும் கன்று அவர் மேலேயே வந்து விழுந்தது. கிடேரிக் கன்று. சேற்றில் மல்லாந்து கிடந்தபடியே அதன் மூக்கை வழித்து, ஊதி, மூச்சு வந்ததும்தான் அவர் எழுந்தார். செல்லம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"பசுவும் கன்னும் பண்ணைக்கு வரணும்" என்றார் சின்னப் பண்ணை.

"தலைக்கன்னு வளர்த்தவளுக்குத்தானே? உங்க தாத்தா காலத்து முறையாச்சே தம்பி."

"முறை பேசறவங்க முறையா வேலைக்கு வரணும். இவ கொடி பிடிச்சா, நான் கயிறு பிடிக்கிறேன்."

"பச்சக் கன்னு. இந்த மழையில நடத்தினீங்கன்னா செத்துரும்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பு வாங்கிய எரிச்சல் வேறு. சின்னப் பண்ணை உதட்டைச் சுழித்துக்கொண்டு சொன்னார்: "அவ்வளவு கரிசனம்னா உங்க காரைக் குடுங்களேன். கன்னு அவளுக்கே. நான் பேசாமப் போயிடறேன்."

டாக்டர், ரத்தமும் சேறுமாயிருந்த கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டார். சாவி வெளியே வந்தது.

"இந்தாங்க. பால் மறக்கிற வரைக்கும் பசுவும் இங்கதான் நிக்கும். அதுவும் சேத்தி. இத்தனை பேரு சாட்சி, வார்த்தை மாறாதீங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "சார்! என்ன சார் பண்றீங்க? சார்!" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதானேய்யா தினம் இந்த வண்டி தொலையணும்னு வேண்டிக்கிட்டே. தொலைஞ்சுது போ."

ஆமாம், வேண்டிக்கொண்டவன் நான்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அந்தச் சனியன் பிடித்த காருக்காக!

செல்லம்மாவுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. "ஐயா, கன்னு எனக்குங்களா? எனக்கேவா?" என்றாள்.

"உனக்குத்தாம்மா. நல்லா துடைச்சு விடு, அதுக்குக் குளிரும்."

வாய்தவறிச் சொன்ன வார்த்தைக்குக் கார் கிடைத்த சந்தோஷத்தில், சின்னப் பண்ணை குடையை எறிந்துவிட்டு ஏறிக் கிளம்பினார். அந்த வண்டிக்கு பிரேக்கை நாலைந்து தரம் மிதித்தால்தான் பிடிக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பனைமரத்தைப் பார்த்துவிட்டு மிதித்திருக்கிறார். கார் மரத்தில் முட்டாமல், மரியாதையாக வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

நாங்கள் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, சின்னப் பண்ணை இடுப்பளவு தண்ணீரில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கரையில் மாரிமுத்துவும் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"தூக்கி விடுங்கப்பா!"

"தூக்கறோங்க" என்றார் மாரிமுத்து, ரொம்பப் பணிவாக. "அறுப்புக் கூலிய முதல்ல பேசிடுவோம்."

டாக்டர் நிற்கவில்லை. பனைமரத்தைத் தாண்டி, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் போய்க்கொண்டே இருந்தார். அவர் முதுகைப் பார்த்துச் சின்னப் பண்ணை கத்தினார்: "ஒரு கன்னுக்குட்டிக்குக் காரைக் குடுத்த கிறுக்கு! சரியான கிறுக்கு!"

எனக்குப் பொறுக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று திரும்பிப் போய், கரையோரம் நின்று நானும் கத்தினேன். அத்தனை கோபத்திலும் மரியாதை மட்டும் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

"கிறுக்குதாங்க! அதைச் சொல்ல நீங்க யாருங்க? மூணு வருஷமா அவரு பக்கத்துல உக்காந்து நனைஞ்சவன் நான். சொல்றதுன்னா நான் சொல்லிக்கிறேன்!"

இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னொருத்தர் சொல்லிக் கேட்டுக்கொண்டு ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.